ஒன்பது விரல்கள்

யாக்கிமா ஆப்பிள் கொட்டகையில்
குறை பார்ப்பதுதான் எனக்கு வேலை.
பெல்ட்டில் பழம் ஓடிக்கொண்டே இருக்கும்.
அடிபட்டது, புழு கண்டது, நிறம் தேறாதது
எல்லாவற்றையும் கையால் தள்ளிவிட வேண்டும்.
அறைக்கு வந்து கண்ணாடி முன்னால் நிற்கும்போதும்
கைக்கு அதே வேகம்தான்,
முதல் இரண்டு வருஷம்.

ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு பூங்கா,
ஞாயிற்றுக்கிழமை வாலிபால் உண்டு என்றான் வில்மர்.
அவன் குரலைத் தாழ்த்திய விதத்திலேயே தெரிந்தது
யார் ஆடுவார்கள் என்று.
மூன்று வாரம் காரை விட்டு இறங்காமல் பார்த்தேன்.
நாலாவது வாரம் பந்து வந்து கண்ணாடியில் மோதியது.
எடுத்துப் போட்டேன்.
அவ்வளவுதான் நான் சேர்ந்த கதை.

கூரை வேய்கிற நசாரியோ
சர்வீஸுக்கு முன் பந்துக்கு ஒரு முத்தம் தருவான்.
எலிசேயோமேல் எவ்வளவு குளித்தாலும் பால்பண்ணை வாடை.
தோரிபியோ கோயிலில் கிதார் வாசிப்பவன்;
மனைவிமேல் உயிர், நசாரியோமேலும் உயிர்.
இரண்டில் எது பொய் என்று ஒருநாள் கேட்டேன்.
அன்றிலிருந்து எனக்குப் பந்து தருவதில்லை.

இருட்டிய பிறகு
பிக்கப் வண்டியின் பின்கதவைத் தாழ்த்தி
சோளம் தின்றுகொண்டிருந்தோம்.
ஒன்பது அடித்ததும் ஒரு போன் கூவியது.
பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் ஏழெட்டு.
ஒருவனுக்குச் சேவல், ஒருவனுக்கு ட்ரம்பெட்,
எலிசேயோவுக்கு அவன் அம்மாவின் பதிவுக் குரல்:
"மாத்திரை போட்டாயா, ராஜா?"
அவளைப் பொறுத்தவரை அது ரத்தக் கொதிப்புக்கு.
தோரிபியோவின் பையில் மட்டும்
சத்தமில்லாத ஒரு நடுக்கம்.

ஆளுக்கொன்றாய் நாக்கில் வைத்தார்கள்.
பேச்சைக்கூட நிறுத்தவில்லை.
தண்ணீர் பாட்டில் வாய் வாயாக வந்தது.

ஓசியெல் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினான்.
"என்னுது வேற மாத்திரை" என்றான்.
"இவங்களுக்கு வராம இருக்க. எனக்கு, வந்ததை அடக்க.
ஆறு வருஷமா டெஸ்ட்ல ஒண்ணும் தெரியலை.
படுக்கையில என்கிட்டேயிருந்து யாருக்கும் போகாது."

எங்கள் ஊரில் என் தாய்மாமன் செத்தபோது
பெட்டியைத் திறக்கவே இல்லை.
நிமோனியா என்றார்கள் பாதிரியாரிடம்.
அவர் குடித்த கோப்பையை
உடைத்துக் கொல்லையில் புதைத்தார்கள்.
அப்போது எனக்கு எட்டு வயது; மண் தள்ளியது நான்.

பாட்டில் என் முன்னால் நின்றது.
கை ஒரு கணம்
தரம் பிரித்தது.

ஓசியெல் அதைப் பார்த்தான்.
நான் குடித்ததையும் பார்த்தான்.
இரண்டைப் பற்றியும் இன்றுவரை எதுவும் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை சந்தை வாசலில் பரிசோதனை வண்டி.
காகிதம் கேட்பார்களோ என்று வயிற்றைக் கலக்கியது.
கேட்கவில்லை.
ரத்தம் எடுத்து முடிக்கும்வரை
எதிரணியின் மட்டமான சர்வீஸைத்
திட்டிக்கொண்டே இருந்தான் நசாரியோ.
எத்தனை பேர், ஆணுறை உண்டா என்பதற்கெல்லாம்
முகம் மாறாமல் எங்கள் பாஷையில் கேட்டாள் அந்தப் பெண்;
நானும் சொல்லிவிட்டேன்.
திக்கியது கடைசிக் கட்டத்தில்தான்:
அவசரத்துக்கு அழைக்க வேண்டிய நபர்.
கொட்டகைப் படிவத்தில் இரண்டு வருஷமாய்
அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.
"என் பேரைப் போடு" என்றான் நசாரியோ,
"எழுத்துப் பிழை இல்லாம."

போன ஞாயிறு ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது.
என் போன் செத்துக் கிடந்தது; நேரம் தெரியவில்லை.
வரிசையில் எனக்குப் பக்கத்தில் தோரிபியோ.
முகத்தைப் பார்க்காமல்
முதுகுக்குப் பின்னால் இரண்டு கையையும் விரித்து
ஒரு கட்டைவிரலை மட்டும் மடக்கிக் காட்டினான்.
ஒன்பது.

ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

பந்தை மட்டும்
இன்னும் தரவில்லை.